தெஹ்ரானிலேயே ரசனை மிக்க பெண்மணி

அந்த இந்தியப் படத்தில் அம்மாவுக்கு முதல் அரை மணி நேரத்திலேயே கண் பார்வை போய்விட்டது. எனக்கு அந்த பாக்கியம் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த படம் முழுவதையும் நான் இரண்டு கண்ணாலும் பார்த்துத் தீர்த்தேன்.

இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் போலீஸ், ஒருவன் திருடன். இரண்டு பேரும் ஒரே நடிகர்தான். நமக்குக் குழப்பம் வரக்கூடாது என்று திருடனுக்கு மட்டும் ஒரு தொப்பி கொடுத்திருந்தார்கள். துபாயில் யாரோ பதிவு செய்ததை இன்னொருவர் நகலெடுத்து, அந்த நகலை வேறொருவர் நகலெடுத்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனிதர்கள் எல்லோரும் பச்சையாக இருந்தார்கள். பேசுவது ஒரு வார்த்தை புரியவில்லை. கீழே எழுத்தும் கிடையாது. சந்தோஷம் வந்தால் மலைக்குப் போய்ப் பாடினார்கள், துக்கம் வந்தாலும் அதே மலைக்குத்தான் போனார்கள். கடைசியில் இடி இடித்து அம்மாவுக்குப் பார்வை திரும்பியது.

"கண்ணு தெரிஞ்சதும் அவ முதல்ல பார்த்தது தொப்பி போட்டவனையா, போடாதவனையா?" என்று கேட்டார் என் கணவர் தூரஜ்.

அந்த வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அதற்காகவே அந்தப் படத்தை மன்னித்தேன்.

தூரஜ் அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவராக இருந்தார். ஷா மன்னரை விரட்டிய புரட்சிக்குப் பிறகு அலுவலகங்களைச் சுத்தம் செய்தார்கள் அல்லவா, அந்தத் துடைப்பம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் இவரையும் வாரிக்கொண்டு போனது. பழைய காலத்தில் ஏதோ ஒரு விருந்தில் மேல்நாட்டுக்காரர் போலக் கழுத்தில் டையோடு எடுத்த புகைப்படம்தான் காரணம் என்றார்கள். விசாரணை முடிந்ததும் திரும்ப அழைப்போம் என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நானும் விடாமல், "இந்த மாசம் கூப்பிட்டுருவாங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். வலிக்கவே வலிக்காது என்று நாள் முழுக்க ஜனங்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

தூரஜ் சவரம் செய்துகொள்வது வியாழக்கிழமை மட்டும். வியாழக்கிழமைதான் எஸ்கந்தரி வருவார்.

எஸ்கந்தரி படக்காரர். வீடியோ வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. ஈராக்கோடு நடந்த போர் ஏழாவது வருஷத்துக்கு வந்திருந்தது. ஆனால் தெஹ்ரானில் பாதி வீடுகளில் போர்வைக்கு அடியில் ஒரு வீடியோ பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். எஸ்கந்தரி வாரம் ஒருமுறை தோல் பெட்டியோடு வந்து, ஐந்து படம் கொடுத்துவிட்டுப் போன வாரத்து ஐந்தை வாங்கிக்கொண்டு போவார். கோட்டு, கண்ணாடி, கையில் அந்தப் பெட்டி. எதிர்வீட்டு அம்மாள் அவரை டாக்டர் என்றே முடிவு கட்டிவிட்டாள். வாராவாரம் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்க்கிற அளவுக்குத் தூரஜுக்கு என்ன வியாதியோ என்று கலங்கி, வியாழக்கிழமை தவறாமல் ஒரு பெரிய கிண்ணத்தில் கீரையும் பயறும் போட்ட கஞ்சி அனுப்பிவைத்தாள். நாங்கள் அதைக் குடித்துக்கொண்டே படம் பார்த்தோம்.

எஸ்கந்தரி வந்தால் அவரும் தூரஜும் வாசல் நடையில் நின்றபடியே படங்களைப் பற்றிப் பேசுவார்கள். தூரஜ் கையை ஆட்டுவார், குரலை உயர்த்துவார், எதிராளியை முட்டாள் என்று சொல்லாமல் சொல்வார். அந்தக் கொஞ்ச நேரம் என் பழைய கணவர் எனக்குக் கிடைப்பார். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க அந்த ஒரு காரணம்தான் மிச்சமிருந்தது. அதுவும் போனால் அவர் அந்த நாற்காலியிலேயே முடிந்துபோவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் அந்தப் பெட்டிக்குள் என்ன குப்பை வந்தாலும் பார்க்கத் தயாராக இருந்தேன். வந்ததும் குப்பைதான்.

குப்பை வந்ததற்குக் காரணம் எங்கள் நாட்டு மரியாதை. தாரோஃப் என்று பெயர். டீ வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டாலும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால் குடிக்கலாம். டாக்ஸிக்காரர் உங்களிடம் போய்க் காசு வாங்குவேனா என்பார். அதை நம்பி இறங்கி நடந்தால் பின்னாலேயே ஓடிவந்து சட்டையைப் பிடிப்பார். எஸ்கந்தரி இந்தக் கலையில் கரை கண்டவர்.

"உங்க காலடி மண்ணு நான், அம்மா. படங்க எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லணும். என் ரெண்டு கண்ணு மேல ஆணை."

"உங்க கை நோகாம இருக்கணும், ஐயா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரத்தினம்."

"அந்த இந்தியப் படம்?"

"அழுது அழுது தலையணையே நனைஞ்சுபோச்சு."

இதற்கு என்ன அர்த்தம்? வந்ததற்கு நன்றி, போய் வாருங்கள் என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். எஸ்கந்தரி மட்டும் தொழில் என்று வந்துவிட்டால் மகா நாணயஸ்தர். வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு இரண்டு குருட்டு அம்மாக்கள் வந்தார்கள்.

அந்த முதல் அம்மாவோடு வந்த மற்ற நான்கு படங்களையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பாடு யாருக்காவது தெரிய வேண்டும்.

துருக்கிப் படத்தில் மீசை வைத்த ஒரு பாடகருக்குக் காசநோய். அவர் இருமிக்கொண்டே பாடினார், பாடிக்கொண்டே இருமினார். எது பாட்டு எது இருமல் என்று பிரித்துப் பார்க்க முடியாமல்தான் காதலி வேறொருவனைக் கட்டிக்கொண்டாள் என்பது என் கருத்து. துருக்கித் தொலைக்காட்சியில் ஓடும்போது யாரோ பதிவு செய்திருந்தார்கள், அதனால் நடுவில் வானிலை அறிக்கை வந்தது. கோட்டு போட்ட ஒருவர் வரைபடத்தின் முன்னால் நின்று மேகங்களைக் காட்டினார். தூரஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தது அந்த இடத்தில்தான். "கடற்கரையைத் தப்பா வரைஞ்சிருக்கான்" என்றார். மொத்தப் படத்திலும் மிகைநடிப்பு இல்லாமல் நடித்தவர் அந்த வானிலைக்காரர் ஒருவர்தான்.

அமெரிக்கப் படத்தில் சட்டை போடாத ஒருவர் தனியாகக் காட்டுக்குள் போய் ஒரு நாட்டு ராணுவத்தையே சுட்டுத் தள்ளினார். அவர் துப்பாக்கியில் குண்டு தீரவே இல்லை. எங்களுக்குத் தெரிந்த போரில் எல்லாமே தீர்ந்துபோகும். முட்டை தீரும், மண்ணெண்ணெய் தீரும், தெருவில் வாலிபப் பையன்கள் தீர்ந்துபோவார்கள். அந்தப் படத்தைக் கொட்டகையில் ஒளித்துவைத்த கேமராவில் எடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. முக்கியமான சண்டையின் நடுவே முன்வரிசையில் ஒரு கறுப்பு உருவம் எழுந்து போனது. யார் சாகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்த ஆள் திரும்பி வருவாரா என்றுதான் நாங்கள் காத்திருந்தோம். வந்தார். கையில் தின்பண்டத்தோடு வந்தார்.

பிறகு ஷா காலத்துப் படம் ஒன்று. கத்தியும் மீசையுமாகத் திரிகிற ரவுடி ஒருவர் கேபரே ஆட்டக்காரியைத் திருத்திக் கல்யாணம் செய்துகொள்கிறார். அவளை எதிலிருந்து திருத்தினார் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. ஆட்டம் வருகிற இடத்தில் டேப் தேய்ந்துபோய் வெறும் மழையாகப் பெய்தது. எங்களுக்கு முன்னால் அதை வாங்கிப் பார்த்த கண்ணியவான்கள் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவள் திருந்திய பிறகு வருகிற காட்சிகள் எல்லாம் பளிச்சென்று, கை படாமல் புத்தம் புதிதாக இருந்தன.

ஐந்தாவது, ஒரு ஐரோப்பியப் படம். ஒரு கணவனும் மனைவியும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். வெளியே கடல். கொஞ்ச நேரம் கழித்துக் கணவன் ஜன்னல் பக்கம் போனான். மனைவி மேஜையிலேயே இருந்தாள். "ஆழமான படம்" என்றார் தூரஜ். இதைப் பார்க்க வீடியோ எதற்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையே போதுமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை. "ரொம்ப நல்லாருக்கு" என்றுதான் சொன்னேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தூரஜின் தங்கை மஹின் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். தூரஜ் வரவில்லை. அலுவலகத்திலிருந்து போன் வந்தால் யார் எடுப்பது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அலுவலகமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தனியாகப் போனேன்.

மஹினின் கணவர் கியூமர்ஸுக்கு லாலேசார் தெருவில் விளக்குக் கடை இருக்கிறது. மஹின் எங்கள் குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு. டீ வேண்டுமா என்று ஒரு தடவைதான் கேட்பாள். வேண்டாம் என்றால் கெட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். உறவுக்காரர்கள் அவள் வீட்டுக்குப் போகும்போது வெளியிலேயே டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அவளுக்கும் எஸ்கந்தரிதான் படம் கொடுக்கிறார்.

"அண்ணி, உங்க பக்கம் எவளோ ஒரு பைத்தியக்காரி இருக்கா" என்று ஆரம்பித்தாள், சோற்றில் கரண்டியைப் போட்டபடி.

"யாரு?"

"பேரு சொல்ல மாட்டேங்கறார் எஸ்கந்தரி. தெஹ்ரானிலேயே ரசனை மிக்க பெண்மணியாம். குருட்டு அம்மா படத்தைப் பார்த்துட்டுத் தலையணை நனைய அழுதாளாம். அவ சொல்லிட்டாள்னு அந்தப் படத்தை ஊரெல்லாம் கொடுத்துட்டிருக்கார். எனக்கு எப்பவும் நல்ல படமா கொடுப்பார், பிடிக்கலைன்னா மூஞ்சி மேலயே சொல்லிருவேன்ல. இந்தத் தடவை கையப் பிடிச்சுக் கெஞ்சி இதைக் கொடுத்தார். இவர் பாதியிலயே தூங்கிட்டார். நான் முழுசாப் பார்த்தேன். அந்தப் பொம்பளை மட்டும் என் கையில கிடைச்சா அந்தத் தலையணையையே அவ வாயில திணிச்சிருவேன்."

"யாரா இருக்கும்?" என்றேன் நான், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

"உங்க தெருவுல ரசனை கெட்டவ யாராவது இருக்காளா?"

"எங்க தெருவுல எல்லாருமே அப்படித்தான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வடக்கே தஜ்ரிஷிலிருந்து தெற்கே ரயில் நிலையம் வரைக்கும் ஜனங்கள் என் பேச்சை நம்பிப் பச்சை மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்தவள், ஒரு காலத்தில் நாடகத்துக்கெல்லாம் போனவள். ஊரில் என் பெயர் தெரியாமல் போனது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

மஹின் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் இன்னொன்றும் ஞாபகம் வரும். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு மரியாதைக்காகப் போய்வந்தோம். அதுதான் தூரஜ் கடைசியாக வெளியே வந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மஹின் சொன்னாள், "வீட்ல சும்மா இருக்கறதுக்கு நம்ம கடைக்கு வாங்களேன் அண்ணா." "ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா" என்றார் தூரஜ். "வாங்கண்ணா, விளக்கு வரைபடமெல்லாம் போடணும், ஆள் வேணும்" என்றாள். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றேன் நான். பிறகு நாங்கள் இருவரும் ஒரு கால் செருப்போடு, குனிந்தபடியே, மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தோம். மஹின் "சரி, பார்த்துப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். தெருவில் தூரஜ் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நான்தான், "விடுங்க, ஆபீஸ்லயிருந்தே கூப்பிடப் போறாங்க" என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை எஸ்கந்தரி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டார். தூரஜ் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"உங்க நிழல் எங்க தலைமேல இருந்து குறையக்கூடாது, அம்மா. படங்க எப்படி? மறைக்காம சொல்லணும்."

"நிஜமாவே மறைக்காம சொல்லட்டுமா?"

"என் கண்ணு மேல ஆணை. உங்க வார்த்தை எனக்கு வேதம்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் இது வெறும் வாய் உபசாரம் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இந்தத் தேசத்தில் பிறந்து, வளர்ந்து, நாற்பத்தைந்து வயதான ஒரு பெண் செய்யக்கூடாத காரியம்.

"அந்தக் குருட்டு அம்மா படம் ஒரு தண்டனை" என்றேன். "இருமுறவரை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எனக்கு ரெண்டு மணி நேரம் மிச்சமாயிருக்கும். சட்டையில்லாதவர் படத்துல, தின்பண்டம் வாங்கப் போனவர்தான் நல்லா நடிச்சார். கடல் படத்துல கடல்கூடச் சலிச்சுப்போயிருந்துச்சு. அப்புறம் போன வாரம் கொடுத்த ரெண்டு குருட்டு அம்மாவையும் நான் பார்க்கல, ஐயா. மாவு சலிச்சிட்டிருந்தேன். அதுல கதை அதிகமா இருந்துச்சு."

எஸ்கந்தரியின் முகத்தில் இருந்த புன்னகை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மனிதர் மட்டும் காணாமல் போயிருந்தார்.

"அப்போ தலையணை நனைஞ்சது?"

"நனையல."

"ரத்தினம்னு சொன்னீங்களே, அம்மா."

"எல்லாரும் சொல்றதுதானே, ஐயா."

"உங்களை நம்பி நான் எத்தனை வீட்டுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்று சொல்லி, போன வாரத்து ஐந்தைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார், புதிதாக ஒன்றும் எடுத்துவைக்கவில்லை. "இன்னொரு நாள் வர்றேன்." எங்கள் ஊரில் அதற்கு எந்த நாளும் இல்லை என்றும் அர்த்தம் உண்டு.

தூரஜ் வெளியே வந்தார். தலை வாரியிருந்தது. காதோரம் கொஞ்சம் சோப்பு இருந்தது.

"எஸ்கந்தரி குரல் கேட்டுச்சே?"

"வந்தார். ஏதோ அவசர வேலையாம், உடனே போயிட்டார். அடுத்த வாரம் வர்றேன்னார்."

அவர் சோப்பைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் படமும் இல்லை, பேச்சும் இல்லை. பச்சை மனிதர்கள்கூட இல்லாமல் வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த இருமல்காரரையாவது யாராவது கொண்டுவந்து விடமாட்டார்களா என்று ஏங்கினேன். அடுத்த வியாழக்கிழமை தூரஜ் மறுபடியும் சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். கதவுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கஞ்சி வந்தது. எஸ்கந்தரி வரவில்லை. கிண்ணத்தைக் கொடுத்த எதிர்வீட்டு அம்மாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "போன வாரம் வந்த வேகத்துலயே போயிட்டார், இன்னிக்கு ஆளையே காணோம். டாக்டர் கைவிரிச்சுட்டாராம்மா?" என்று கண் கலங்கக் கேட்டாள்.

"ஆமாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"ஃபரங்கிஸ்" என்றார் தூரஜ். "எஸ்கந்தரி ஏன் வரல?"

பிடிபட்டிருப்பாரோ என்று அவர் பயப்படுவது குரலில் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரசனை மிக்க பெண்மணி நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"துருக்கிப் படமும் பிடிக்கலையா?"

"பிடிக்கல."

"அதுல அவன் கடைசியா ஸ்டேஷன்ல பாடுவானே, அதுவும்?"

"அதுதான் ரொம்ப மோசம். ரயில் கிளம்பினப்போ எனக்கே ஏறிக்கலாம்னு இருந்துச்சு."

"உனக்குப் பாட்டுன்னா என்னன்னே தெரியாது" என்றார் தூரஜ். குரல் உயர்ந்திருந்தது. "கடல் படம்? அதை நல்லாருக்குன்னு என்கிட்டச் சொன்னியே. எஸ்கந்தரிகிட்ட தாரோஃப் பண்ணினே, சரி. நான் யாரு? என்கிட்ட எதுக்குப் பண்ணினே?"

"நீங்க ஆழமான படம்னு சொன்னீங்க."

"நீ கண்ணிமைக்காம உட்கார்ந்திருந்தே. சரி, உனக்குப் பிடிச்சிருக்குபோலன்னு நினைச்சு அப்படிச் சொன்னேன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது. அதில் எத்தனை சாப்பாட்டை, எத்தனை விருந்தாளியை, எத்தனை திரைச்சீலையை இப்படிச் சேர்ந்து ரசித்திருப்போமோ, எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வேற என்னெல்லாம் என்கிட்டச் சும்மா சொன்னே?" என்று கேட்டார். இப்போது குரல் தாழ்ந்துவிட்டது.

நான் கஞ்சிக் கிண்ணத்தை மேஜையில் நகர்த்தி வைத்தேன்.

"ஆபீஸ்லயிருந்து கூப்பிடுவாங்கன்னு மாசாமாசம் சொல்றியே. அது?"

வலிக்கவே வலிக்காது என்று சொல்கிற வாய் எனக்கு. அது தானாகவே திறந்தது. இந்த மாதம் கண்டிப்பாக என்று சொல்ல வந்தேன். அவர் சவரம் செய்த முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்திடம் மறுபடியும் பொய் சொல்ல முடியவில்லை.

"கூப்பிட மாட்டாங்க" என்றேன்.

சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. எந்தக் குருட்டு அம்மாவாலும் வரவழைக்க முடியாத அழுகை. தூரஜ் அழவில்லை. "எனக்கும் தெரியும்" என்றார். "நீ நம்பறியேன்னுதான் உட்கார்ந்திருந்தேன்."

அப்போது போன் அடித்தது. எடுத்தேன். மஹின்.

"அண்ணி, அந்தப் பைத்தியக்காரி நீங்கதானாமே" என்றாள், எடுத்த எடுப்பில். "எஸ்கந்தரி இப்பத்தான் வந்துட்டுப் போறார். பேரைச் சொல்லிட்டார். கோபமெல்லாம் இல்ல அவருக்கு. நிஜத்தைச் சொல்லிட்டாங்க, இனிமே அந்தம்மாவுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுக்கறதுன்னு தெரியாம வெறுங்கையோட வரக் கூச்சமா இருக்காம். ஊரெல்லாம் நல்ல படம் தேடிட்டு அலையறார் மனுஷன். தலையணை விஷயத்தை நான் நேர்ல வந்து பேசிக்கறேன், சரியா?"

பதில் சொல்வதற்குள் தூரஜ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். ரிசீவரைக் கொடுத்தேன். ஆனால் காதை அதன் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

"மஹின்," என்றார், "நவ்ரூஸ் அன்னிக்கு வாசல்ல நின்னு, கடைக்கு வாங்கன்னு சொன்னியே. அது மனசாரச் சொன்னதா, சும்மா சொன்னதா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மஹின் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை. தாரோஃபே தெரியாத பெண் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தவள்.

"சும்மாதான் சொன்னேன் அண்ணா" என்றாள் கடைசியில். "வரைபடமெல்லாம் போடணும்னு சொன்னதும் பொய்தான். மூணாவது தடவையும் கேட்டா வந்துருவீங்களோன்னு பயந்துதான் கதவைச் சாத்தினேன். அப்போ உங்க விசாரணையை நினைச்சு இவருக்குப் பயம்."

தூரஜ் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிலேருந்து எனக்குத் தூக்கமே சரியில்ல" என்றாள் மஹின். "இப்ப மனசாரச் சொல்றேன். கடையில கணக்கு பார்க்க ஆள் இல்ல. வரைய ஒண்ணும் கிடையாது, உட்கார்ந்து பில்லு போடணும். வாங்க."

தூரஜின் வாய் திறந்தது. ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா என்கிற அந்த வாக்கியம் அவர் உதட்டுக்கு வந்து நிற்பதை நான் பார்த்தேன். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற வாக்கியம்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.